வாடகை ஷூ

எழுதி ரொம்ப நாளாயிற்று. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பரில் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். "அம்மா, சனி ஞாயிறு குடகுக்குப் போய்ட்டு வரலாம், ஒரு மலை ஏறணும்" என்றாள். தடியண்டமோள் என்று பெயர். குடகிலேயே உயரமான சிகரம், 1,748 மீட்டர். எனக்கு வயது 64. பள்ளிக்கூட மாடிப்படி ஏறியதுதான் நான் செய்த மலையேற்றம். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஷூ, முதுகுப்பை, ஊன்றுகோல், குளிர் ஜாக்கெட், தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் வாங்கினால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும் என்றாள். "இரண்டு நாளுக்கு எதுக்கும்மா? வாடகைக்கு எடுத்துக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மா இரவல் வாங்கவே விடமாட்டார். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையா ஆயிடும்" என்பார். அதிலும் ஊரார் கால் போட்ட ஷூவா? மகள் கேட்கவில்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடை என்று பெயர்ப்பலகைகூடப் பெரிதாக இல்லை. குடியிருப்புத் தெருவில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி. சுவர் முழுக்க ஷூக்கள், ஒவ்வொன்றின் நாக்கிலும் மார்க்கரில் ஓர் எண். பார்த்துக்கொண்ட பையன் தருமபுரிக்காரர். தமிழ் கேட்டதும் எனக்குப் பாதித் தயக்கம் போய்விட்டது.

நான் ஐந்தாம் நம்பர் போடுகிறவள். அவர் ஆறாம் நம்பரைக் கொடுத்தார். "பெரிசா இருக்கேப்பா" என்றேன். "ஏறும்போது தெரியாதும்மா. இறங்கும்போது கால் முன்னாடி தள்ளும், விரல் இடிச்சா நகம் கறுத்துடும். தடிமனான சாக்ஸ் போட்டுக்கிட்டு அந்தப் படிக்கட்டுல இறங்கிப் பாருங்க" என்றார். இறங்கிப் பார்த்தேன். இடிக்கவில்லை.

ஷூவை இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். "பளபளன்னு இருக்கறதை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாதும்மா. சும்மாவே கிடந்த ஷூவுக்கும் வருஷக்கணக்குல காத்து ஈரம் பட்டு அடிப்பாகம் உளுத்துப் போயிடும். பாதி மலையில பிட்டுக்கிட்டு வந்துடும்." ஊன்றுகோலைப் பிடித்தால் முழங்கை 'ட' மாதிரி மடங்க வேண்டும் என்றார். பையின் கனம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும் என்று அவரே இழுத்துக் கட்டிவிட்டார். சாக்ஸ் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். செய்ய வைத்துப் புரிய வைத்தார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதானே!

வாடகை மொத்தம் 930 ரூபாய், முன்பணம் 3,000. கூடாரம் தேவைப்படவில்லை. அந்த மலையில் இரவு தங்க அனுமதி இல்லை.

வெள்ளி இரவு பேருந்தில் விராஜ்பேட்டை, அங்கிருந்து கக்கபே. 1792-இல் கட்டிய நாலுநாடு அரண்மனையைத் தாண்டித்தான் பாதை போகிறது. காபிச் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. அப்புறம் காடு, ஓர் ஓடை, அதற்கு மேல் புல்வெளி. கடைசிச் செங்குத்துக்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் போதும் என்றது. மகள் மட்டும் உச்சிக்குப் போய் வந்தாள். எனக்கு வருத்தமில்லை. இறங்கும்போது ஓடையில் கால் வழுக்கி வலது ஷூ முழுக்க நனைந்தது. விரல் ஒன்றும் இடிக்கவில்லை.

இரவு தங்கிய வீட்டில் மகள் சேற்றைக் கழுவி, "இதை உள்ள திணிச்சு வைம்மா, ஈரத்தை இழுத்துடும்" என்று பழைய செய்தித்தாளைக் கொடுத்தாள். ஒரு தாளைக் கசக்கி ஷூவின் முனையில் திணித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பள்ளி விளையாட்டு விழா. அணிவகுப்பில் வருகிறவர்கள் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு வர வேண்டும் என்று சொன்னதே நான்தான். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு அண்ணனின் ஷூவை வாங்கிப் போட்டு வந்தான். இரண்டு நம்பர் பெரிது. நடக்கும்போது ஒரு ஷூ கழன்று விழ, உள்ளே இருந்து கசக்கிய செய்தித்தாள் வெளியே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அதட்டவில்லை. "இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு யாருடா உன்னை வரச் சொன்னது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, வரிசையை விட்டு அனுப்பிவிட்டேன். விழா முடியும்வரை ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் ஏன் என்றும் கேட்கவில்லை. வரிசை ஒழுங்காக வந்ததில் அன்று எனக்குத் திருப்தி.

இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே காலணி கொடுக்கிறது. அவன் வாங்க முடியாமல் இரவல் வாங்கினான். கையில் காசு இருந்தும் இரவல் ஷூவில் மலை ஏறினேன் நான். என்னை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒருவர் பொறுமையாக அளவு பார்த்து மாட்டிவிட்டார். நானும் அன்று குனிந்து அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

ஞாயிறு மாலை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம். ஊன்றுகோலின் ரப்பர் மூடியைச் சேற்றில் தொலைத்திருந்தேன். அதற்கு 50 ரூபாய் பிடித்துக்கொண்டு 2,950 தந்தார். நியாயம்தான்.

அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். தயவுசெய்து பெயரை இங்கே கமெண்டில் போட வேண்டாம். அவனுடைய எண் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். நேரில் போய்ப் பேச வேண்டும். அவன் மறந்திருந்தாலும் பரவாயில்லை.

உங்களில் ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீரோவில் நாலைந்து அளவுகளில் ஷூ வாங்கி வையுங்கள். கேட்கிற பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் கொடுங்கள். வாடகை வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்