நாக்கில் ஒரு வேல்

பாப்புவா நியூ கினியின் சேப்பிக் ஆற்றங்கரையில் இளைஞர்களின் முதுகைக் கீறி, முதலைத் தோல்போலத் தழும்பாக்குவார்கள். தழும்பு தெரியவேண்டும். நம் அலகு நேர்மாறு, சுவடில்லாமல் ஆறவேண்டும்.

போன தைப்பூசத்துக்கு முதன்முதலாக நாக்கில் குத்திக்கொண்டேன். “அந்த நாக்குதானேம்மா உனக்குச் சோறு போடுது?” என்று சுங்கை பினாங் வீட்டில் அம்மா ஒரு மாதம் புலம்பினார். வானொலி அறிவிப்பாளர் நான். அவருடைய அறுவை சிகிச்சையின்போது வேண்டிக்கொண்டதும் அதே நாக்கால்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

48 நாள் விரதம். திருநீறு தடவி, சிறிய வெள்ளி வேலைப் பெரியவர் குத்தினார். சுருக்கென்றது, அவ்வளவுதான். எச்சில்தான் பெரும்பாடு! விழுங்க முடியாது. ‘வேல் வேல்’ என்று ஊரே முழங்க, நான் மட்டும் வாய்பேசாமல் தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறினேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று ‘ழ’ சற்றே வழுக்கியது. நேயர்கள் யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் உடனே போன் செய்தார்.