உழைத்துக் குளிரும் காற்று

‘காற்று விரிந்தால் குளிரும்’ என மாணவர் மனனம் செய்வர். ஏன் என வினவின் விடையிராது. விரிவு மட்டுமே காரணமன்று. 1840களில் ஆங்கில அறிஞர் ஜூல், செப்புக் கலமொன்றில் அழுத்தி அடைத்த காற்றை வெற்றிடக் கலத்தினுள் பாயவிட்டார். இரண்டையும் சூழ்ந்த நீரின் வெப்பநிலை மாறவில்லை. தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இன்மையால் காற்று வேலை செய்யவில்லை.

மலைச்சரிவில் ஏறும் காற்றோ, சூழ்ந்துள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே விரிகின்றது. அவ்வுழைப்புக்குரிய ஆற்றலைத் தன் மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்தே ஈகின்றது. இயக்கம் தளர, வெப்பநிலை தாழ்கின்றது. உலர்ந்த காற்று 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிரும். கேமரன் மலைக் குளிரின் அடிப்படையும் இதுவே.

‘காற்று எதைத் தள்ளியது?’ என மாணவன் கேட்கத் தொடங்கும் நாளில்தான் அவ்விதி அவனுக்கு உரியதாகும்.