கிண்டர் மேட்டில் ஒரு குளிர்கால நடை

1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேடு அப்போது பணக்காரர்கள் பறவை சுடும் தனிநிலம். மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. கலகம், தாக்குதல் என்று வழக்குப் போட்டு ஐந்து பேரைச் சிறையில் அடைத்தார்கள்.

அந்த மேட்டுக்கு டிசம்பரில் நாங்கள் நடந்தோம். பள்ளத்தாக்கின் ஓடையோர மரங்கள் முடிந்ததும் மேலே மரமே இல்லாத கரிய சேற்றுநிலம். முகத்தில் அறையும் காற்று. எதிரே வந்தவர்கள் தலையசைத்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படி நடக்கும் உரிமை அங்கே சட்டமானது 2000இல். 68 ஆண்டுகள் ஆயின.

தோழர்களே, செருப்போடு நடக்க முடியாத தெருக்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. சட்டம் 1950இலேயே நம் பக்கம் வந்துவிட்டது. நடப்பதுதான் பாக்கி.