காந்தக் கருவியும் என் ஈறும்



ஆறு மாதமாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம். வாய்ப்புண் வேறு. பழைய மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம்) காந்த அலைக் கருவியோடு வந்தார். "தினம் 20 நிமிஷம் தாடையில் வைங்க சார், வாயில எதிர்ப்பு சக்தி ஏறும்." விலை 38,000 ரூபாய். முப்பது வருஷம் மின்காந்தத் தூண்டல் நடத்திய எனக்கே ஆசை வந்துவிட்டது!

முழுப் பொய்யென்றும் தள்ள முடியாது. கூடாத எலும்பு முறிவுக்குக் காந்தத் துடிப்புச் சிகிச்சை தர அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி கொடுத்தார்கள். மாறும் காந்தப்புலம் திசுவுக்குள் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட அதே ஃபாரடே விதிதான். ஆனால் எலும்பு வேறு, எச்சில் வேறு.

வாய்க்குக் காவல் எச்சில்தான். கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும் ஐஜிஏ அதில் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைமும் இருக்கிறது. பென்சிலினுக்கு முன்பே, 1922-இல், ஃபிளெமிங் எழுதியது இதைப் பற்றித்தான். வாய் வறண்டால் காவலும் தளரும்.

பணம் எடுக்கக் கிளம்பியவனை மருமகள் பல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். ஈறைப் பார்த்ததும் அவர் கேட்டது: "சுகர் பார்த்தீங்களா சார்?"

வெறும் வயிற்றில் 214.

காரை சுத்தம் செய்து, மாத்திரையும் தொடங்கி இரண்டு மாதம். ரத்தம் நின்றுவிட்டது. கருவிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் ஈறில் ரத்தம் வருகிறதாம், சுகர் பார்த்ததே இல்லையாம். நாளைக் காலை காபி குடிக்காமல் வரச்சொல்லியிருக்கிறேன், லேபுக்கு நானே கூட்டிப்போகிறேன்.