சுவரில் ஒட்டிய செய்தித்தாள்

அப்பா சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் 15 நாள். அப்புறம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டைப் படமெடுத்து வைக்க, மகள் ஆன்லைனில் 50 எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கினாள். சரியில்லை என்றால் 10 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதல் நாளே கோபம். மே மாத மதியம், மொட்டை மாடியிலிருந்து தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியை எடுத்துப் பார்த்தாள், விளிம்பெல்லாம் நெளிந்திருந்தது. அது லென்ஸின் குற்றமல்ல. வெயிலில் அலையும் காற்றுக்கு எந்த லென்ஸாலும் மருந்து கிடையாது.

மறுநாள் காலை, வெளிச்சுவரில் நடுவிலும் நான்கு மூலையிலுமாகச் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டினாள். 12 அடி தள்ளி டிரைபாட். விரல் பட்டு ஆடாமலிருக்க 2 செகண்ட் டைமர். எஃப் 1.8-இல் தொடங்கி 2.8, 5.6, 16 வரை, ஒவ்வொன்றிலும் புதிதாக ஃபோகஸ் செய்து மூன்று படம். ஃபோகஸ் தவறியதை லென்ஸின் தலையில் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற அநியாயம்!

போனில் பார்த்தபோது எல்லாமே பளிச். சின்னத் திரையில் எந்தப் படம்தான் பளிச்சென்று இருக்காது? கம்ப்யூட்டரில் நூறு சதவிகிதம் பெரிதாக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1.8-இல் மூலைகள் கொஞ்சம் மங்கலாக இருப்பது சகஜம். 16-இல் மொத்தப் படமும் லேசாக மங்குவதும் இயற்கை. சின்னத் துளை வழியே போகும் ஒளி பரவிவிடும். ஆனால், 5.6-இலும் இடப்பக்க எழுத்துகள் மட்டும் கரைந்திருந்தன.

"லென்ஸ் போச்சுப்பா."

"இரும்மா. கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடினா, உடனே பெல்ட்டைக் குறை சொல்ல மாட்டோம். ரோலர் நேரா இருக்கான்னுதான் முதல்ல பார்ப்போம். உன் கேமரா சுவருக்கு நேரா இருக்கா?"

கேமராவைத் தலைகீழாக வைத்து மறுபடி எடுத்தாள். கேமரா கோணலாக நின்றிருந்தால், சுவரின் அதே இடப்பக்கம்தான் மங்கியிருக்கும். மங்கல் வலப்பக்கத்துக்கு மாறியிருந்தது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. இரண்டு படங்களையும் இணைத்துப் புகார் அனுப்பினாள். கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள்.

புது லென்ஸ் வந்ததும் அதே சுவர், அதே சோதனை. நான்கு மூலையும் ஒன்றுபோல இருந்தன. முதல் படத்துக்கு அப்பாவை வாசலில் நிற்கச் சொன்னாள்.

"முதல்ல அந்தப் பேப்பரையெல்லாம் சுரண்டு. குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது சுவர் சுத்தமா இருக்கணும்" என்றார்.