தொழில்: இல்லத்தரசி

மூன்றாம் வருடத்தில் எங்களுக்குக் குடிபெயர்வு பற்றி ஒரு பாடம். அசைன்மென்டுக்கு லெக்சரர் போட்டது ஒரேயொரு நிபந்தனைதான். "எங்கட ஆக்களின்ர கதையை விட்டிட்டு வேற ஆரின்ரயும் எடுங்கோ. கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்துப் பழகுங்கோ." நான் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பெண்களை எடுத்தேன். பெரிய ஆய்வு நோக்கம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் மரண அறிவித்தல்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன, காசில்லாமல் வாசிக்கலாம், அவ்வளவுதான். இருபது அறிவித்தல்களைத் தெரிந்தெடுத்து எக்செலில் ஒரு அட்டவணை போட்டேன். பிறந்த இடம், கப்பலேறிய வருடம், கணவர், பிள்ளைகள், தொழில்.

பன்னிரண்டாவது ஆளில் தடக்குப்பட்டேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை, அது அவருடைய குடும்பத்துக்குரியது. ஜேர்மனியில் பிறந்து, தாதியாகப் படித்து, அங்கே வந்த ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கலியாணம் கட்டி, நெப்ராஸ்காவில் அவருடைய குடும்பப் பண்ணைக்குப் போனவர். தாதியாகப் படித்ததும் வேலை செய்ததும் சேர்த்து ஒரு வசனம். அதற்குப் பிறகு வந்த ஐம்பது சொச்ச வருடமும் இன்னொரு வசனம்: இல்லத்தரசியாக இருந்தார், பண்ணையில் கணவருக்கு உதவினார். அவர் செய்த அப்பிள் கேக் பற்றி மட்டும் மூன்று வசனம்.

"தொழில்" பெட்டியில் நேர்ஸ் என்று அடித்தேன். பிறகு அழித்தேன். கடைசியில் முதல் பதினொரு பேரில் முக்கால்வாசிப் பேருக்குப் போட்ட மாதிரி "இல்லத்தரசி" என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ஆனால் நித்திரை வரவில்லை. அதற்குக் காரணம் அந்த ஜேர்மன் அம்மா மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் அந்த முதல் வசனத்தைத் தோண்டத் தொடங்கினேன். ஜேர்மன் மொழியில் பெண் தாதிக்குப் பெயர் கிராங்கன்ஷ்வெஸ்டர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நோயாளர் சகோதரி. இது சும்மா வந்த பெயர் இல்லை. 1836 இல் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் தியோடர் ஃபிளீட்னர் என்ற பாதிரியார் பெண்களுக்குத் தாதிப் பயிற்சி கொடுக்க ஒரு இல்லம் தொடங்கினார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851 இல் போய்ப் பயிற்சி எடுத்ததும் அங்கேதான். அந்த முறையில் தாதியர் சேர்ந்திருக்கும் நிறுவனத்துக்குப் பெயர் தாய்வீடு. நான் மொழிபெயர்த்து அழகுபடுத்தவில்லை, அவர்களுடைய சொல்லே அதுதான். தாய்வீடு சாப்பாடு தரும், உடுப்பு தரும், கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு தரும், வயது போனால் பார்த்துக்கொள்ளும். சம்பளம் என்று ஒன்று இல்லை. சகோதரிக்கு என்னத்துக்குச் சம்பளம்? கலியாணம் கட்டினால் வெளியே போகவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஜேர்மன் ஆஸ்பத்திரிகளில் இந்தத் தாய்வீட்டு முறை பலமாக இருந்தது.

ஆக, அவர் கப்பலேற முன்னமே அவருடைய வேலைக்கு ஒரு உறவுப்பெயர் வைத்தாயிற்று. அங்கே சகோதரி, இங்கே மனைவி.

கலியாணமும் லேசில் நடந்திருக்காது. 1945 இல் ஜேர்மனிக்குள் நுழைந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த நாட்டுச் சனத்தோடு பழகவே தடை இருந்தது. அது மெல்ல மெல்லத் தளர்ந்தாலும், ஜேர்மன் பெண்ணைக் கட்டுவதற்கான தடை 1946 டிசம்பரில்தான் நீங்கியது. அங்கே போய் நேர்ஸ் வேலை செய்வதென்றால் அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். அவர் முயற்சி செய்தாரா, விட்டுவிட்டாரா? அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை.

இனி "பண்ணையில் கணவருக்கு உதவினார்". அந்தக் காலத்து நெப்ராஸ்காப் பண்ணை என்றால் சோளம், மாடு, பன்றி. கோழியும் முட்டையும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. முட்டையும் பாலாடையும் விற்ற காசில்தான் பல வீடுகளில் மளிகைச் சாமான் வந்தது, பிள்ளைகளுக்குச் சப்பாத்து வந்தது. 1935 இல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்துக்கு ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. அவர் போய் இறங்கிய காலத்தில் கம்பி இழுத்து முடிகிற நேரம். கணக்குக் கொப்பி எழுதுவது, அறுவடை நேரம் வேலையாட்களுக்குச் சமைப்பது, ட்ரக்டரில் ஏதும் உடைந்தால் டவுனுக்கு ஓடிப்போய்ச் சாமான் வாங்கி வருவது, ஆள் இல்லாத நேரம் அந்த ட்ரக்டரையே ஓட்டுவது. இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் "உதவி".

இது வெறும் சொல் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். வரிச் சட்டத்தைப் பார்த்தபிறகுதான் தலை சுற்றியது.

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்துக்கு மத்திய அரசாங்கம் வரி எடுக்கும். 1942 இலிருந்து 1976 வரைக்கும் 60,000 டொலருக்குத்தான் விலக்கு. எழுபதுகளில் காணி விலை ஏற ஏற, நடுத்தரப் பண்ணைகளும் அந்த வரிக்குள் வந்து விழுந்தன. காணி உறுதியில் கணவன் மனைவி இரண்டு பேருடைய பெயரும் இருந்தாலும், கணவர் முதலில் இறந்தால் முழுக்காணியும் அவருடையது என்றுதான் கணக்கு. இல்லை, என்னுடைய பங்கும் இருக்கிறது என்றால் மனைவி காசு போட்டதற்கு ஆதாரம் காட்டவேண்டும். சட்டம் ஆண் பெண் என்று பிரித்து எழுதப்படவில்லைதான். ஆனால் ரசீதும் வங்கிக் கணக்கும் யாருடைய பெயரில் இருந்தன? வெளியே சம்பளத்துக்கு வேலை செய்து அந்தக் காசைக் காணியில் போட்டிருந்தால் அது செல்லும். சமைத்ததும் துவைத்ததும் பிள்ளை வளர்த்ததும் செல்லாது. அதாவது அந்த அம்மா ஒரு வருடம் நேர்ஸாக வேலை செய்து துண்டு வைத்திருந்தால் அந்த ஒரு வருடம் கணக்கில் வரும். முப்பது வருடம் வீட்டைக் கொண்டு நடத்தியது வராது.

பண்ணைப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நெப்ராஸ்காவில் டோறிஸ் றோயல் என்ற பண்ணைப் பெண் கையெழுத்து வேட்டை ஒன்றைத் தொடங்கினார். 1976 இல் சட்டம் கொஞ்சம் இளகியது. 1981 இல்தான் கணவன் மனைவிக்கிடையில் போகும் சொத்துக்கு அந்த வரியே இல்லை என்று வந்தது.

எண்ணுகிற ஆட்களும் இதே மாதிரித்தான். அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பு பண்ணையை நடத்துபவர் ஆணா பெண்ணா என்று முதலில் கேட்டது 1978 இல். ஒரு பண்ணைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களின் விபரத்தைப் பதிந்தது 2002 இல். அதுவரைக்கும் ஒரு பண்ணைக்கு ஒருவர்தான். வாசிக்கும்போது கோபம் வந்தது. பிறகு என்னுடைய எக்செல் கண்ணில் பட்டது. நானும் ஒரு பெட்டிதானே வைத்திருந்தேன்.

இனி நித்திரை வராத கதை. போன வருடம் அம்மம்மா மோசம்போனபோது 31ஆம் நாள் கல்வெட்டுக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்தது. கம்பஸில் படிக்கிற பிள்ளை, நல்லா எழுதும் என்று. "சிறந்த இல்லத்தரசியாகத் திகழ்ந்து" என்று எழுதினேன். "கணவருக்கு உறுதுணையாக" என்றும் எழுதினேன். ஒருத்தரும் பிழை சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் புத்தகத்தைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்கு விடியக் காலமை தண்ணி மாறினது அவதானே. அப்பா மெசினடியில நிப்பார்" என்றா. நான் ஓம் ஓம் என்றுவிட்டுத் தேத்தண்ணி கொடுக்கப் போய்விட்டேன். இருநூறு பிரதி அச்சடித்தாயிற்று.

அசைன்மென்டில் "தொழில்" பெட்டியை அகலமாக்கினேன். பன்னிரண்டாவது ஆளுக்குத் தாதி, கமக்காரி என்று இரண்டையும் போட்டு, கீழே ஒரு குறிப்பும் எழுதினேன். பிறகு மேலே போய் மற்றவர்களையும் திருத்தலாம் என்று ஒவ்வொரு அறிவித்தலாகத் திரும்ப வாசித்தேன். ஏழு பேருக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் ஒருவருடையதில் கேக் செய்முறை மட்டும் முழுதாக இருக்கிறது.