ஆமைக் குஞ்சுக்கு எது நல்ல வீடு?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகள் இதையெல்லாம் எங்கே கேட்கிறார்கள்? பிறந்தநாள் பரிசாகவே ஆமைக் குஞ்சு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. காரைக்காலில் இருக்கும் என் அக்கா மகளின் ஒன்பது வயதுப் பையனுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குஞ்சு. ஒரு பிஸ்கட் அளவுதான். கூடவே பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த ஒரு சின்ன டப்பா.

"சித்தி, இந்த டப்பா போதுமா? கண்ணாடித் தொட்டி வாங்கணுமா?" என்று கோட்டுச்சேரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். இருவருமாகக் கால்நடை மருத்துவரிடம் போய் விவரம் கேட்டு வந்தோம். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது எந்த ஆமை என்று பாருங்கள். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கவே கூடாது. 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது, அதை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. பழமொழியில் வருகிற அமீனா நிஜமாகவே வாசலுக்கு வந்துவிடுவார்! நம் குளங்களில் இருக்கும் பால் ஆமையையும் பிடித்து வளர்க்கக் கூடாது. கைக்குக் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி.

கடைகளில் விற்பது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து நீர் ஆமை இது. பிஸ்கட் அளவில் வருவது, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு, அதாவது 25 சென்டிமீட்டர் கூட ஆகும். 20, 30 வருடம் இருக்கும். நம் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆகவே தென்னை மர டப்பா உதவாது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் உதவாது. அதில் நீந்தவும் இடமில்லை, ஏறி உட்காரவும் இடமில்லை. உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். குஞ்சுக்கு இரண்டரை, மூன்று அடி நீளமுள்ள தொட்டி வேண்டும். கண்ணாடிதான் என்றில்லை. அகலமான பிளாஸ்டிக் டப் போதும், செலவும் குறைவு. ஓட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு பக்கம் வழவழப்பான தட்டைக் கல்லைச் சரிவாக வைத்தால், ஏறி உடம்பை உலர்த்திக்கொள்ளும். பொடிக் கூழாங்கல் போடாதீர்கள், விழுங்கிவிடும்.

வெயில் இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வைத்தால் போதாது, அதற்குத் தேவையான கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறதாம். கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைத்தாலோ தண்ணீர் கொதித்துப் போகும். காலை இளவெயிலில் பாதி நிழலும் பாதி வெயிலுமாகக் கொஞ்ச நேரம் வைத்து, காக்கை கொத்தாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடியாதவர்கள் இதற்கென்றே விற்கும் யு.வி.பி. விளக்கு போடலாம். இன்னொன்று: 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ கனம். ஸ்டூல் மேலோ அலமாரி மேலோ தொட்டியை ஏற்றாதீர்கள்.

இதையெல்லாம் சொன்ன மருத்துவர் கடைசியாக, "வீட்ல சின்னக் குழந்தை இருக்காம்மா?" என்று கேட்டார். என் அக்கா மகளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. ஆமை பார்க்க நல்லபடியாகவே இருக்கும். ஆனால் அதன் உடம்பிலும் தண்ணீரிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொண்டுவரும். குழந்தைகள் குஞ்சு ஆமையை வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டார்களாம். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, கர்ப்பிணியோ, தள்ளாத முதியவரோ இருக்கும் வீட்டில் இது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்போ கோயில் குளத்துல விட்டுடலாமா?" என்றாள் அவள். அது அதைவிடத் தப்பு. இந்த ஆமை நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இதனால்தான் 1997-ல் ஐரோப்பிய நாடுகள் இதை இறக்குமதி செய்வதையே நிறுத்தின.

எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை. அதனால் ஆமை இப்போது கோட்டுச்சேரியில், பின்கட்டு அறையில் ஒரு பெரிய டப்பில் இருக்கிறது. பையன் ஞாயிறுதோறும் வந்து தண்ணீர் மாற்ற உதவுகிறான். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை. இந்த இரண்டும் எங்கள் வீட்டுச் சட்டம்.

எந்தத் தொட்டி வாங்கலாம் என்று பார்க்கும் முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தை தவழ்கிற வீடானால், ஆமையைப் படத்தில் காட்டினாலே போதும்.